கையொப்பச் சாட்சிக்கு யாரிடம் செல்வது: ஜே.பி.யா, வழக்கறிஞரா, நோட்டரியா?

சிட்னியில் வேலைக்கு விண்ணப்பிக்கச் சான்றிட்ட நகல்களும், சென்னை வீட்டை என் சார்பில் வேறொருவர் விற்க ஓர் அதிகாரப் பத்திரமும் (பவர் ஆஃப் அட்டர்னி) அண்மையில் ஒருசேரத் தேவைப்பட்டதால், நியூ சவுத் வேல்ஸில் சாட்சிக் கையொப்பமிடும் மூன்று வகையினரையும் நாட நேர்ந்தது. உள்நாட்டுக் காகிதம் எனில், ஜே.பி. என்று எல்லோரும் அழைக்கும் சமாதான நீதவானே என் தேர்வு.

கட்டணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜே.பி. பணமோ அன்பளிப்போ பெறக்கூடாது. வழக்கறிஞர் கட்டணம் கேட்கலாம். மூவரில் செலவு மிகுந்தவர், வெளிநாட்டுக்குப் போகும் ஆவணங்களுக்குச் சான்றளிக்கும் நோட்டரி.

ஜே.பி., 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆளுநரால் 5 ஆண்டுகளுக்கு நியமிக்கப்படும் தன்னார்வலர். குயின்ஸ்லாந்தில் சில ஜே.பி.க்கள் இன்றும் நீதிமன்றத்தில் அமர்கிறார்கள். இங்கே அவர்கள் வழக்கு எதையும் விசாரிப்பதில்லை. பிரகடனங்களுக்கும் (சட்டப்படி எழுத்தில் தரும் உறுதிமொழிகள்) பிரமாணப் பத்திரங்களுக்கும் சாட்சியாக இருப்பதும், நகல் அசலோடு ஒத்திருப்பதாகச் சான்றளிப்பதுமே முக்கியப் பணி. அசல் போலியானதா, பிரகடனத்தில் எழுதியிருப்பது உண்மையா என்பதற்கு அவர் பொறுப்பாளி அல்லர். ஆனால் தம் பொறுப்பில் உள்ளதில் கறாராக இருக்கிறார்கள்: கையொப்பமிடுபவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், குறைந்தது 12 மாதப் பழக்கம் இல்லையெனில் அடையாள ஆவணத்தைப் பார்க்க வேண்டும், கையொப்பம் அவர் கண்முன்னேதான் இடப்பட வேண்டும். நூலகங்கள் பலவற்றில் குறித்த நேரங்களில் அமர்ந்திருப்பதால் தேடி அலையவும் வேண்டியதில்லை.

சட்ட ஆலோசனை சொல்வது மட்டும் அவர் வேலையன்று. பிரமாணப் பத்திரத்தில் என்ன எழுதுவது என்பதிலேயே குழப்பம் இருந்தால் வழக்கறிஞரிடம் செல்வதே சரி.

இத்தனைக்கும் மேலாக முடிவைத் தீர்மானிப்பது, காகிதம் எங்கே போகிறது என்பதுதான். வெளிநாட்டில் எழுதப்பட்ட அதிகாரப் பத்திரம் முறையானதே என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டுமெனில், அது யார் முன்னிலையில் உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதை இந்தியச் சாட்சியச் சட்டம் பட்டியலிடுகிறது; 1872ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி ஆகியோர் அதில் உள்ளனர், ஜே.பி. இல்லை. அவரிடம் இலவசமாகப் பெற்ற கையொப்பத்தை நம்பிப் பத்திரத்தை அனுப்பிவிட்டு, சென்னையில் பதிவின்போது கேள்வி எழுந்தால், மறுபடி எழுதி அனுப்பும் காலத்தில் வாங்க வந்தவர் விலகிவிடக்கூடும். நோட்டரிக்குக் கொடுக்கும் பணத்தை அந்த அச்சத்துக்கு ஈடாகவே கருதினேன்.

இந்தியத் துணைத் தூதரகத்தில் இதைச் செய்துகொண்ட நண்பர்கள் குறைசொல்லவில்லை. நான் அவ்வழியில் செல்லாததால் எது எளிது என்று என்னால் ஒப்பிட இயலாது. எவர் முன் கையொப்பமிட்டாலும், பத்திரம் இந்தியாவை அடைந்த 3 மாதங்களுக்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்திவிட வேண்டும்.