புள்ளி தெரிகிற மானிட்டர்: 22 இன்ச் வாங்கிய கதை

வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிற வேலை எனக்கு. ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் கண் முன்னால் ஓடுவது முழுக்கத் தமிழ் எழுத்துகள்தான், எப்போதாவது ஒரு எக்செல் கோப்பு, ராத்திரி கொஞ்சம் யூடியூப். விளையாட்டுக்கோ வீடியோ எடிட்டிங்குக்கோ மானிட்டர் தேடுகிறவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. படிக்கவும் எழுதவும் வீட்டில் ஒரு சின்ன மானிட்டர் வேண்டும், பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் வாங்கியது பென்க்யூ ஜிடபிள்யூ 2283, 22 இன்ச் என்று விற்கிற 21.5 இன்ச் மானிட்டர். மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இதற்கு முன்னால் வாங்கியதைச் சொல்லாமல் இது ஏன் பிடித்தது என்று சொல்ல முடியாது. முதலில் லேப்டாப்பில்தான் வேலை பார்த்தேன். கழுத்து வலி தாங்காமல் அவசரத்துக்கு ஒரு 18.5 இன்ச் மானிட்டர் வாங்கினேன், நாலாயிரத்துக்கும் கொஞ்சம் மேல். பிராண்டு பெயர் வேண்டாம். விலை குறைவு, பெட்டியில் 'ஹெச்டி' என்று பெரிதாகப் போட்டிருந்தது, போதும் என்று எடுத்து வந்துவிட்டேன். அந்த ஹெச்டி என்பது 1366க்கு 768 பிக்சல், அதாவது திரையில் எழுத்தையும் படத்தையும் உருவாக்குகிற சின்னச் சின்னக் கட்டங்கள் குறுக்கே 1366, நெடுக்கே 768. உள்ளே இருந்தது டிஎன் பேனல், மலிவு மானிட்டர்களில் வருகிற திரை வகை. நேராகப் பார்த்தால் ஒரு நிறம், நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தால் மேல் பாதி ஒரு மாதிரி, கீழ்ப் பாதி ஒரு மாதிரி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எழுத்துதான் பிரச்சினை.

தமிழில் ஒரு புள்ளிக்கு என்ன மதிப்பு என்று நமக்கெல்லாம் தெரியும். ஒரு பள்ளி ஆண்டு மலர் வந்திருந்தது. அதில் ஒரு கட்டுரைத் தலைப்பில் 'கல்வி' என்பதில் புள்ளி விடுபட்டிருந்தது. புள்ளி போனால் அந்தச் சொல் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. நான் இரண்டு முறை பார்த்தும் என் கண்ணில் படவில்லை, அச்சுக்குப் போவதற்கு முன் பக்க வடிவமைப்புச் செய்கிற தம்பி பார்த்துவிட்டு போன் செய்தான், "அக்கா, 12ஆம் பக்கத்தைத் திறந்து பாருங்க". திறந்து பெரிதாக்கிப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. புள்ளி இல்லாதது அவனுடைய திரையில் பளிச்சென்று தெரிந்தது, என் திரையில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அந்த மாதச் சம்பளத்தில் முதல் செலவு மானிட்டர்தான்.

அப்புறம்தான் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். நம்மில் பெரும்பாலானவர்கள் இன்ச்சைத்தான் கேட்கிறோம், அந்த இன்ச்சுக்குள் எத்தனை பிக்சல் என்று கேட்பதில்லை. ஃபுல் ஹெச்டி என்றால் 1920க்கு 1080. இது 21.5 இன்ச் திரையில் வந்தாலும் 27 இன்ச் திரையில் வந்தாலும் அதே எண்ணிக்கைதான், திரை பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு பிக்சலும் பெருத்துக்கொண்டே போகும், அவ்வளவுதான் வித்தியாசம். கணக்குப் போட்டால் 21.5 இன்ச்சில் ஓர் இன்ச்சுக்குச் சுமார் 102 பிக்சல் வருகிறது. 24 இன்ச் என்று விற்கிற 23.8 இன்ச்சில் 92 அல்லது 93. 27 இன்ச்சில் 82க்கும் குறைவு. என்னுடைய அந்தப் பழைய 18.5 இன்ச்சில் 85க்குள். அதாவது சின்னத் திரை வாங்கியும் எழுத்துத் தெளிவில் 27 இன்ச் ஃபுல் ஹெச்டியின் பக்கத்தில்தான் நான் இருந்திருக்கிறேன்.

ஆங்கில எழுத்துக்கு இது அவ்வளவாகத் தெரியாது. நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ன இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுழி. 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் நடுவில் இருப்பது அடியில் ஒரு சின்னச் சாய்வுக் கோடு. லதா எழுத்துருவில் 11 புள்ளி அளவில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள், பிக்சல் பருமனாக இருந்தால் அந்தச் சாய்வுக் கோடு கரைந்துபோய் 'ர' காலாகவே நிற்கும். நிர்மலா யூஐ கொஞ்சம் தேவலை, ஆனால் எனக்கு வருகிற கோப்புகளின் எழுத்துருவை நான் தேர்ந்தெடுக்க முடியாதே. அதனால் பெரிய திரை வேண்டாம், நெருக்கமான பிக்சல் வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் கடைக்குக் கிளம்பினேன்.

கடை என்றால் சென்னை ரிச்சி தெருதான். ஆன்லைனில் சில நேரம் விலை குறையும், உண்மைதான், ஆனால் மானிட்டரை எரிய விட்டுக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்து போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வேலை நாளில் காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போனால் நின்று பேச ஆள் இருப்பார்கள், சாயங்காலம் போனால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கி வர வேண்டும். ரிச்சி தெருவோடு நின்றுவிடாமல் நரசிங்கபுரம் தெருப் பக்கமும் ஒரு சுற்று போய் வாருங்கள், ஒரே மாடலுக்கு நாலு கடையில் நாலு விலை சொன்னார்கள், நான் பார்த்த அன்றைக்கு நானூறு ஐந்நூறு வரை வித்தியாசம் இருந்தது.

ஒரு கடையில் அந்தப் பையன் விடாமல் சொன்னான், "அக்கா, இன்னும் ரெண்டாயிரம் மூவாயிரம் போட்டா 27 இன்ச்சே எடுத்துக்கலாம், எதுக்கு இவ்ளோ சின்னது?" தப்பாகச் சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் அதைத்தான் கேட்பார்கள் போல. நான் பென் டிரைவில் என்னுடைய கோப்பு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். 27 இன்ச்சில் திறக்கச் சொன்னேன், அப்புறம் 21.5 இன்ச்சில். ஒரு கை நீளத் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது அவனே "ஆமாக்கா, இதுல எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றான். நீங்களும் உங்கள் கோப்பைக் கொண்டுபோங்கள். கடையில் ஓடுகிற மலர், அருவி, கிளி வீடியோவில் எல்லா மானிட்டரும் அழகாகத்தான் இருக்கும்.

வாங்குவதற்கு முன் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெற்றுப் படங்களையும் திரை நிறைய ஓட விட்டுப் பார்த்தேன். செத்த பிக்சல் இருந்தால் இதில் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு பிக்சல் செத்திருந்தால் வாரண்டியில் மாற்றித் தராத நிறுவனங்கள் நிறைய, எத்தனைக்கு மேல் இருந்தால் மாற்றுவோம் என்று அவர்களே ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதனால் வீட்டுக்கு வந்து கண்டுபிடித்துப் பயனில்லை. அப்புறம் பில். பில் இல்லாமல் எடுத்தால் விலையைக் குறைக்கிறேன் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள், நான் அடுத்த கடைக்குப் போய்விட்டேன். மானிட்டருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதைச் சேர்த்துத்தான் விலையே. சீரியல் நம்பர் போட்ட பில் கையில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு அலைய வேண்டியது நாம்தான்.

அங்கே அலுவலகங்களில் கழித்துக் கட்டிய பழைய மானிட்டர்களும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், புதிதின் விலையில் பாதிகூட இல்லை. கடைக் கல்லாவுக்கோ சிசிடிவி பார்க்கவோ வாங்கலாம். நாள் முழுக்கப் படிக்க வாங்காதீர்கள். எல்இடி வருவதற்கு முந்தைய காலத்து மானிட்டர்களில் பின்னால் எரிவது குழல் விளக்கு வகை, வயதாக ஆக ஒளி மங்கி வெள்ளை மஞ்சளாகிவிடும்.

சரி, வாங்கியதைப் பற்றி. 21.5 இன்ச், ஐபிஎஸ் வகைப் பேனல், 250 நிட்ஸ் (திரை ஒளியின் அளவு), கேபிள் மாட்ட இரண்டு ஹெச்டிஎம்ஐ, பழைய வகையில் ஒரு விஜிஏ. லேப்டாப் ஒன்றில், தங்கை மகளின் பழைய கம்ப்யூட்டர் இன்னொன்றில் என்று இரண்டு ஹெச்டிஎம்ஐயும் எங்கள் வீட்டில் எப்போதும் நிறைந்தே இருக்கும். ஐபிஎஸ் என்பதால் பக்கவாட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. திரையின் அகலம் சுமார் 47 சென்டிமீட்டர், ஏ4 தாளின் அகலம் 21. கணக்குப் பார்த்தால் இரண்டு பக்கம் அருகருகே வைக்கலாம், உயரம் கொஞ்சம் போதாது என்பதால் முக்கால் அளவுக்குச் சுருக்கி வைக்கிறேன். இடது பக்கம் ஆசிரியரின் மூலப் பிரதி, வலது பக்கம் திருத்துகிற பிரதி. லேப்டாப்பில் மாற்றி மாற்றித் திறந்துகொண்டிருந்த காலத்தை நினைத்தால் இப்போதும் பெருமூச்சு வருகிறது. பக்கத்தை முக்கால் அளவுக்குச் சுருக்கியும் புள்ளி தெரிகிறது, இதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம்.

அறையின் வெளிச்சத்தைப் பார்த்துத் தானே ஒளியைக் கூட்டிக் குறைக்கிற வசதி ஒன்று இருக்கிறது. பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் வேலை பார்த்துக்கொண்டே இருந்து இருட்டுவதைக் கவனிக்காமல் விடுகிற என் போன்றவர்களுக்கு நல்ல உதவி.

இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டு முன்னும் பின்னும் கொஞ்சம் சாயும், உயராது. இந்த விலையில் உயர்த்துகிற ஸ்டாண்டு கிடைப்பது அபூர்வம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பதால் அம்மாவின் பழைய மணைப்பலகையை அடியில் போட்டிருக்கிறேன், அளவாகப் பொருந்திவிட்டது. பின்னால் வீசா என்கிற திருகுத் துளைகள் இருக்கின்றன, கை மாதிரி நீளுகிற ஸ்டாண்டு வாங்கிப் பொருத்த நினைப்பவர்கள் பொருத்திக்கொள்ளலாம். ஸ்பீக்கர் உண்டு, ஒவ்வொன்றும் 1 வாட்தான், ஜூம் கூட்டத்துக்குப் போதும். 60 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும். இப்போது 75, 100 ஹெர்ட்ஸ் எல்லாம் இதே விலைக்கு வருகின்றன, அதே விலைக்கு வந்தால் எடுங்கள், பக்கத்தை உருட்டும்போது இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகவே ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதை விட அந்தக் காசுக்கு ஒரு நல்ல கீபோர்டு வாங்கலாம் என்பேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் செய்ய வேண்டியவை சில உண்டு. புது மானிட்டர் பெரும்பாலும் கண்ணைக் கூச வைக்கிற ஒளியில்தான் வரும், ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரிகிற அளவுக்குக் குறையுங்கள். விண்டோஸில் கிளியர்டைப் என்று தேடினால் ஓர் அமைப்பு வரும், நாலைந்து பத்திகளைக் காட்டி எது தெளிவாக இருக்கிறது என்று கேட்கும், ஐந்து நிமிடம் ஒதுக்கிச் செய்துவிடுங்கள். விஜிஏ கேபிள் வேண்டாம், ஹெச்டிஎம்ஐ இருக்கும்போது அதில் போட்டுவிட்டு எழுத்து மங்குகிறது என்று மானிட்டரைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹெச்டிஎம்ஐயில் போட்டும் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கிராபிக்ஸ் அமைப்பில் போய் வண்ண வீச்சு 'லிமிடெட்' என்று இருப்பதை 'ஃபுல்' என்று மாற்றுங்கள். என் லேப்டாப்பில் அப்படித்தான் இருந்தது, மாற்றிய நிமிடத்தில் எழுத்துக்கு மை கூடியது போல் ஆகிவிட்டது.

கரண்டு பற்றி அம்மா கேட்டார். இந்த அளவு மானிட்டர் 20 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். தினம் எட்டு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் பத்து யூனிட்டுக்குள்தான் வரும்.

வடிவமைப்புத் தம்பியும் போன மாதம் வீட்டுக்கு ஒன்று வாங்கினான். அவன் எடுத்தது 24 இன்ச், விஏ என்கிற இன்னொரு வகைப் பேனல். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கக் கறுப்பு கறுப்பாகவே வேண்டுமாம், விஏவில் அது ஐபிஎஸ்ஸை விட ஆழமாகத்தான் இருக்கும், அவன் தேவைக்கு அது சரி. ஆனால் ஒரு கோப்பை அதில் திறந்து பார்த்துவிட்டு, "மெய்ப்பை மட்டும் நீங்க உங்க திரையிலயே பாத்துடுங்கக்கா" என்று அனுப்பியிருக்கிறான். நூற்று நாற்பது பக்கம், இன்றைக்கு மதியம்தான் ஆரம்பித்தேன்.