காரைக்குடியில் 'மூளை நலம்' ரத்தப் பரிசோதனை: ரத்தம் எடுக்க வந்த தம்பி அருமை, பேக்கேஜ் வேண்டாம்

காரைக்குடியில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிற ஒரு லேபில் அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம், அம்மாவை ஆத்தா என்போம்) 'மூளை நலம்' என்ற பேக்கேஜ் எடுத்தோம். பெரியவர்கள் ஊரிலும் பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்றும் இருக்கிற வீடுகளுக்கு இந்த மாதிரி விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

அப்பச்சிக்கு 76 வயது, பிரஷரும் சர்க்கரையும் பல வருஷமாக உண்டு. ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஊர்க் கோயிலுக்குக் குடும்பவாரியாக, அதாவது புள்ளிவாரியாக, வாங்கும் வரிக் கணக்கை இன்னும் அவர்தான் பார்க்கிறார், எந்தப் புள்ளி எந்த வருஷத்துப் பாக்கி என்று நோட்டைத் திறக்காமலே சொல்வார். ஆனால் அரை மணியில் முடித்த கூட்டலுக்கு இப்போது காலைப்பொழுது முழுக்க ஆகிறது, நடையில் அடி சின்னதாகிவிட்டது, முகப்புப் படி ஏறும்போது தூணைப் பிடித்துக்கொள்கிறார். பெரிய மறதி இல்லாமல் வேகமும் நடையும் முதலில் தளர்வது மூளையின் நுண் ரத்தக் குழாய் நோயில் அடிக்கடி பார்ப்பதுதான். அடைப்பினால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று இந்தச் சின்னக் குழாய்களால் வருவது, ஆகவே வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிட மனசு வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லேப் தம்பி சொன்ன நேரத்துக்கு விடியலிலேயே வந்துவிட்டார். "ஐயா, கையைக் கொஞ்சம் தொங்கப் போடுங்க" என்று வளவில், அதாவது உள்முற்றத்தில், வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். முழங்கை மடிப்பில் ரத்த நாளம் நழுவுகிறது என்று தெரிந்ததும் அங்கே குத்திக் குத்திப் பார்க்காமல் புறங்கையில் சின்ன ஊசி போட்டு ஒரே குத்தில் எடுத்தார். பெயர்ச் சீட்டு ஒட்டிய பிறகு ஒவ்வொரு குழாயையும் அப்பச்சியிடம் காட்டிப் பெயர் சரிபார்த்தார். வயதானவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்த பிள்ளை.

குறை அதற்கு அடுத்த நிமிஷமே ஆரம்பித்தது. பேக்கேஜில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமில அளவும் உண்டு. ரத்தம் எடுத்த பிறகும் சிவப்பணுக்கள் அதை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும், அதனால் குழாயை உடனே ஐஸில் வைக்க வேண்டும், சீக்கிரமே மெஷினில் சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத அளவைக் கூட்டிக் காட்டும். தம்பியிடம் ஐஸ் பெட்டியே இல்லை. சாதாரணப் பையில் போட்டுக்கொண்டு, இன்னும் கோட்டையூர், பள்ளத்தூர் வீடுகள் இருக்கிறது என்று வண்டியை எடுத்தார். நம் ஊர் வெயிலில்! அளவு 21 என்று வந்தது. 15-க்கு மேல் போனால் அதிகம் என்பார்கள். வேறொரு இடத்தில் அப்பச்சியை நேரில் கூட்டிப்போய், எடுத்த உடனே பிரிக்கச் சொல்லிப் பார்த்தபோது 14 சொச்சம்தான். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், பெட்டி கொடுத்து அனுப்பாதது லேப்.

அப்புறம் பேக்கேஜின் முக்கிய சரக்கு, நியூரோஃபிலமென்ட் லைட். விலையில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுக்குத்தான். நரம்பு இழைகள் சிதையும்போது உதிர்கிற புரதம் இது, ரத்தத்தில் பிகோகிராம் கணக்கில்தான் இருக்கும், அதை அளக்க முடிவதே பெரிய விஷயம். நுண்குழாய் நோய் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக இருப்பதும் உண்மைதான். ஆனால் வயது ஏற ஏற எல்லாருக்குமே ஏறும், சிறுநீரகம் மந்தமானாலும் ஏறும், சர்க்கரையால் கால் நரம்பு கெட்டாலும் ஏறலாம், பக்கவாதம் வந்தாலும் ஏறும், வேறு பல நரம்பு நோய்களிலும் ஏறும். எங்கோ நரம்பு தேய்கிறது என்று மட்டும் சொல்லும், எங்கே, எதனால் என்று சொல்லாது. இந்த லேப் ரிப்போர்ட்டில் வயதுவாரியான அளவுகூட இல்லை, எல்லாருக்கும் ஒரே வரம்பு, அப்பச்சி பெயருக்கு நேரே சிவப்பில் 'அதிகம்'. இலவச ஆலோசனை என்று போனில் பேசியவர் சிறுநீரக நிலையைக் காட்டுகிற கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்கவே இல்லை, ஞாபக மறதி நோய்க்கு வாய்ப்பு என்று சொல்லி வைத்துவிட்டார். ஆத்தா அன்றிரவு தூங்கவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அமெரிக்காவில் 2025 மே மாதம் மூளைக்கான ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அது அல்சைமர் நோயில் மூளையில் படிகிற அமிலாய்டு என்ற புரதத்தைக் கண்டுபிடிக்க, அதுவும் அறிகுறி இருக்கிற 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. நுண்குழாய் நோய்க்கென்று பிஎல்ஜிஎஃப் என்ற ரத்தப் புரதம் போன்ற சில குறியீடுகளை மார்க்விசிஐடி என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பு 2016-லிருந்து சோதித்து வருகிறது, வீட்டுக்கு வந்து எடுத்துப் போகிற பேக்கேஜில் வைத்து விற்கிற நிலைக்கு அது வரவில்லை.

மதுரையில் நரம்பியல் டாக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, அப்பச்சியை வராந்தாவில் நடக்கச் சொன்னார், எம்ஆர்ஐ எழுதினார். அதில் ஃபிளேர் என்ற வகைப் படத்தில் நுண்குழாய் நோயைக் காட்டும் வெள்ளைத் திட்டுகள், திட்டு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை சொல்கிற ஃபசேகாஸ் அளவுகோலில் 2. ரத்தக் கசிவைக் காட்டுகிற எஸ்டபிள்யூஐ படத்தில் மிளகைவிடச் சின்னதாய்க் கறுப்புப் புள்ளிகள், பழைய நுண்கசிவுகள். ரத்தம் உறையாமல் பார்க்கிற ஆஸ்பிரின் வகை மாத்திரை பற்றி முடிவெடுக்கும்போது அதையும் பார்ப்போம் என்றார். ஒரு குழாய் ரத்தத்தில் இதெல்லாம் தெரியாது.

அடுத்தது பிரஷர். 2019-ல் வந்த ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில், மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு வெள்ளைத் திட்டு வளர்வது குறைந்தது, லேசான அறிவுத்திறன் குறைபாடும் குறைந்தது. அந்த ஆய்வில் சர்க்கரைக்காரர்களைச் சேர்க்கவில்லை, அதனால் அப்பச்சிக்கு எவ்வளவு என்பதை டாக்டர் பார்த்துத்தான் வைத்தார். வீட்டில் பிரஷர் மெஷின் வாங்கிவிட்டோம், பேக்கேஜ் விலையைவிட மிகக் குறைவு. மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய், உப்புக்கண்டம் நான்கையும் ஆத்தா எண்ணித்தான் வைக்கிறார், அப்பச்சிக்கு அதில் கோபம்தான்.

பேக்கேஜில் உருப்படியாகக் கிடைத்தது பி12. குறைவாக இருந்தது, ஊசி ஆரம்பித்தாகிவிட்டது. மூன்று மாத சர்க்கரை, கிரியாட்டினின், கொழுப்பு, தைராய்டு எல்லாமே தேவையானவைதான், ஆனால் அத்தனையையும் இதே லேபில் தனித்தனியாகவே எடுக்கலாம், கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் பேக்கேஜைத்தான் நீட்டுவார்கள்.

வீட்டுச் சேவைக்கு 5-க்கு 4. பேக்கேஜுக்கு 1. பி12 மறுபடி பார்க்க அதே தம்பியைத்தான் வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஹோமோசிஸ்டீன் எடுப்பதாக இருந்தால் முன்பதிவு செய்யும்போதே ஐஸ் பெட்டி உண்டா, எத்தனை மணிக்குள் பிரிப்பீர்கள் என்று கேளுங்கள், சரியாகப் பதில் வராவிட்டால் லேபுக்கே நேரில் போய்க் கொடுத்துவிடுங்கள்.