எராஸ்மஸ் வழியா, லூதர் வழியா?

எங்கள் வீட்டில் இரண்டு பைபிள் உண்டு. அம்மா சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்), அப்பா ஆர்.சி. (கத்தோலிக்கர்). அம்மாவின் பழைய பைபிளில் மத்தேயு 4:17 “மனந்திரும்புங்கள், பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது” என்று இருக்கும். அப்பாவுடையதில் “மனம் மாறுங்கள், ஏனெனில் விண்ணரசு நெருங்கி வந்துவிட்டது.” சின்ன வயதில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்திருக்கிறேன். ஐரோப்பாவைக் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பிளந்த சண்டை ‘மனந்திரும்புங்கள்’ என்ற இந்த வார்த்தையைத் தொட்டுத்தான் ஆரம்பித்தது என்பது ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது.

மேற்கு ஐரோப்பா ஆயிரம் வருடமாகப் படித்து வந்தது லத்தீன் பைபிளை. அதில் இந்த இடத்தில் ‘பேனித்தென்சியாம் ஆகித்தே’ என்று இருந்தது. ‘மனம் வருந்துங்கள்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம், ‘அபராதம் செலுத்துங்கள்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். சபை இரண்டாவது பொருளில்தான் அதைப் பிடித்துக்கொண்டது. குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய் (பாவங்களை வாய்விட்டுச் சொல்), அவர் விதிக்கும் அபராதத்தை நிறைவேற்று. அந்த அபராதத்தைக் குறைத்துக்கொள்ள வந்ததுதான் பாவமன்னிப்புச் சீட்டு. (பள்ளிப் புத்தகம் அப்படிச் சொன்னாலும், சபையின் கணக்கில் அது பாவத்துக்கான மன்னிப்பு இல்லை, பாவத்துக்குரிய தண்டனையில் தள்ளுபடி. விற்பனைக்கு வந்த பிறகு வாங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரிந்திருக்கப் போகிறது!)

1516-இல் டச்சு அறிஞரும் கத்தோலிக்கக் குருவுமான எராஸ்மஸ் கிரேக்க மூலத்தையும் தன் லத்தீன் மொழிபெயர்ப்பையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து, பாசெல் நகரில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். கிரேக்கத்தில் இருப்பது ‘மெட்டானொய்யா’. புத்தி தெளிவது, மனசு திரும்புவது என்று பொருள். குறிப்புகளில் இதை எழுதி, பழைய லத்தீனையும் மாற்றினார். அடுத்த வருடம் அக்டோபர் 31-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கிலிருந்து வெளிவந்த, துறவி மார்ட்டின் லூதரின் 95 கருத்துரைகளில் முதலாவதே இந்த வார்த்தையைப் பற்றியதுதான்: விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும். இரண்டாவது, குரு நடத்தும் சடங்கை இது குறிக்காது என்கிறது. கிரேக்கமும் எபிரேயமும் தெரிந்த அறிஞர்களிடமிருந்துதான் இந்தப் பொருளைக் கற்றேன் என்று 1518-இல் தன் துறவற சபையின் தலைவர் ஸ்டாவ்பிட்ஸுக்கு லூதரே எழுதினார்.

மனிதநேய அறிஞர்கள் (பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை மூலத்தில் ஆராய்ந்தவர்கள்) கொடுத்த கருவி இதுதான்: மூலத்துக்குப் போ, எழுத்தைச் சோதி. அதே முறையில்தான் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா 1440-இல், போப்பின் அரசியல் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தானப் பத்திரம் போலி என்று, அதன் லத்தீனை வைத்தே நிரூபித்தார். எராஸ்மஸ் வல்லாவின் வழி வந்தவர். ஆகவே “எராஸ்மஸ் முட்டையிட்டார், லூதர் குஞ்சு பொரித்தார்” என்று அன்றைக்கே பேச்சு அடிபட்டது. எராஸ்மஸுக்கு இது பிடிக்கவில்லை. நான் இட்டது கோழி முட்டை, லூதர் பொரித்தது வேறு பறவை என்று பதில் எழுதினார். என்னைக் கேட்டால் அவர் சொன்னது நியாயம்.

மக்கள் கையில் வேதம்

இந்த விஷயத்தில் லூதர் பக்கம்தான் நான். உழவன் ஏர் பிடிக்கும்போது வேத வசனத்தைப் பாட வேண்டும், நெசவாளி தறியில் அதை முணுமுணுக்க வேண்டும், பெண்களும் படிக்க வேண்டும் என்று 1516 பதிப்பின் முன்னுரையில் எராஸ்மஸ் ஆசைப்பட்டார். அந்த ஆசையை அவர் எழுதியது லத்தீனில். உழவனும் நெசவாளியும் எப்படிப் படிப்பார்கள்? தாய்மொழியான டச்சில் அவர் நூல் எதையும் எழுதவில்லை.

லூதர் 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசரின் மன்றத்தில் தன் கருத்துகளிலிருந்து பின்வாங்க மறுத்துவிட்டு, வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்த காலத்தில், சுமார் பதினொரு வாரத்தில் புதிய ஏற்பாட்டை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். கையில் வைத்திருந்தது எராஸ்மஸின் 1519 பதிப்பு. 1522 செப்டம்பரில் அச்சாகி, டிசம்பரிலேயே மறுபதிப்பு கண்டது. வீட்டில் இருக்கும் தாயிடமும் தெருவில் விளையாடும் பிள்ளைகளிடமும் சந்தையில் நிற்கும் ஆளிடமும் கேட்டு, அவர்கள் வாயைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அந்த விதியின் பின்னால் வந்தவர்தான் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறி முடிந்தது. அம்மாவின் பைபிளுக்கு மூத்த பாட்டி அது.

துணிச்சலிலும் லூதருக்கு ஈடில்லை. போப்பின் கண்டனக் கடிதத்தை 1520 டிசம்பர் 10-இல் விட்டன்பர்க்கில் எல்லோர் முன்னும் எரித்தவர் அவர். அதற்கு ஒரு மாதம் முன்பு கொலோனில், சாக்சனி அதிபர் ஃபிரெடரிக் லூதரைப் பற்றிக் கேட்டபோது எராஸ்மஸ், “இரண்டு தப்பு செய்தார்: போப்பின் கிரீடத்தில் கை வைத்தார், துறவிகளின் வயிற்றில் கை வைத்தார்” என்றார். அருமையான பதில்தான். ஆனால் பகிரங்கமாக நிற்க வேண்டிய நேரத்தில், வேதசாட்சியாகச் சாகும் பலம் எல்லோருக்கும் இல்லை என்று நண்பருக்கு எழுதி ஒதுங்கிக்கொண்டார். நோயோடு பாசெல் வந்து சேர்ந்த, லூதர் பக்கம் நின்ற பழைய தோழர் ஹுட்டனைச் சந்திக்கக்கூட மறுத்தார்.

சித்தம் யாருடையது

சரி, இருவரும் உண்மையில் பிரிந்தது எங்கே? போப் விஷயத்தில் இல்லை, சீட்டு விஷயத்திலும் இல்லை. 1524-இல் எராஸ்மஸ் மனித சித்தத்தின் சுதந்திரம் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதினார். மீட்புக்குக் கடவுளின் அருளே முதல் காரணம், ஆனாலும் அதை ஏற்கவோ தள்ளவோ மனிதனுக்குக் கொஞ்சம் இடம் உண்டு என்றார். நடக்கத் தெரியாத குழந்தைக்கு அப்பா தூரத்தில் ஆப்பிளைக் காட்டி, கையைப் பிடித்து நடத்திப்போய், அதைக் கையிலும் கொடுக்கிறார். எல்லாம் அப்பா செய்ததுதான், இருந்தாலும் குழந்தையும் அடி எடுத்து வைத்தது. அவர் சொன்ன உவமை இது. வேதத்தில் சில இடங்கள் தெளிவாக இல்லை, அங்கே அடித்துப் பேசாமல் அடக்கமாக இருப்போம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

லூதர் 1525 டிசம்பரில் பதில் எழுதினார். மனித சித்தம் சுமை மிருகம் மாதிரி. கடவுள் ஏறினால் கடவுள் போகிற பக்கம், சாத்தான் ஏறினால் அவன் போகிற பக்கம். ஏறுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மிருகத்துக்கு இல்லை. கூடவே ஒரு பாராட்டு: மற்றவர்கள் போப், சீட்டு என்று சில்லறை விஷயங்களில் நின்றார்கள், நீங்கள் ஒருவர்தான் உயிர்நாடியைப் பிடித்தீர்கள்.

தன் முயற்சி எதுவும் போதவில்லை என்று மடத்தில் வருடக்கணக்காகத் தவித்த மனிதருக்கு, ‘உன் கையில் ஒன்றும் இல்லை’ என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குப் புரிகிறது. ஆனால் வேதம் எல்லாருக்கும் தெளிவு என்ற அவருடைய அடிப்படை நான்கே வருடத்தில் சோதனைக்கு வந்தது. 1529-இல் மார்பர்க் கோட்டையில் லூதரும் சூரிச்சின் சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்ளியும் உட்கார்ந்தார்கள். 15 விஷயங்களில் 14 சரியாகிவிட்டது. மீதி ஒன்று நற்கருணை, அதாவது இயேசுவின் கடைசி விருந்தை நினைத்துப் பகிரும் அப்பமும் ரசமும். “இது என் சரீரம்” என்ற வசனத்தை லூதர் சுண்ணக்கட்டியால் மேசைமேல் லத்தீனில் எழுதிவைத்துவிட்டு, அதிலிருந்து அசையவே இல்லை. ‘சரீரமாக இருக்கிறது’ என்றால் ‘சரீரத்தைக் குறிக்கிறது’ என்றுதான் பொருள் என்றார் ஸ்விங்ளி. இருவருமே போப்பை விட்டு வந்தவர்கள், இருவருமே கிரேக்கம் படித்தவர்கள். ஒரே வசனத்தில் பிரிந்து போனார்கள். எராஸ்மஸ் கேட்ட அடக்கம் அந்த மேசையில் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

லூதரின் உறுதிக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அவர் பேசிய கிறிஸ்தவ சுதந்திரத்தை நம்பி 1525-இல் எழுந்த விவசாயிகளை வெட்டிச் சாய்க்கச் சொல்லி அவரே எழுதினார். அந்தக் கிளர்ச்சியில் ஒரு லட்சம் பேர்வரை செத்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 1543-இல் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொன்னதும் அவர்தான். யூதர்களைப் பற்றி எராஸ்மஸின் கடிதங்களிலும் கசப்பு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கொளுத்து, வெட்டு என்று கிளப்பிவிடும் குரல் அவருடையதாக இருக்கவில்லை.

அதனால் என் தேர்வு இரண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பைபிளை என் பாஷையில் படிக்க லூதர் வேண்டும். ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார எராஸ்மஸ் வேண்டும்.

1529-இல் பாசெல் நகரம் சீர்திருத்தத்தின் பக்கம் போய், கோவில் சுரூபங்களை உடைத்தபோது எராஸ்மஸ் ஃபிரைபர்க்குக்குக் குடிபெயர்ந்தார். பிறகு 1535-இல் அச்சு வேலைக்காகத் திரும்பி வந்தவர், அடுத்த ஜூலையில் அங்கேயே இறந்தார். கடைசிவரை கத்தோலிக்கக் குருவாக இருந்த அவரைப் புராட்டஸ்டன்ட்கள் தங்கள் பேராலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 1559-இல் போப் நான்காம் பவுல் வெளியிட்ட தடைப் பட்டியலில் எராஸ்மஸ் எழுதிய எல்லா நூல்களும் இருந்தன. கல்லறை இன்றும் பாசெலில்தான் இருக்கிறது.