அட்வான்ஸை ஒழுங்காகப் போடும் ஏஜெண்ட்: கச்சேரி வாசிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மெல்லிசைக் குழுக்காரர்களின் வாட்ஸ்அப்பில் மாதம் தவறாமல் ஓர் எச்சரிக்கை சுற்றும். "ஆர்மி ஆபீசர் பேசுறேன், கேம்ப்ல ஃபங்ஷன், அட்வான்ஸ் அனுப்பணும், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று போன் வரும், நம்பாதீர்கள் என்று. நல்ல எச்சரிக்கைதான். பணம் வாங்குவதற்கு யாரும் யுபிஐ பின் போட வேண்டியதில்லை என்பதும், ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிக்க வேண்டும் என்பதும் இப்போது எங்கள் தபலாக்காரரின் பாட்டிக்கே தெரியும். நான் சொல்ல வந்த ஆள், நமக்கு நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜெண்ட், வேறு ரகம். நேரில் வருவார், டீ வாங்கித் தருவார், சொன்ன நேரத்துக்கு அட்வான்ஸ் போடுவார். முதல் இரண்டு மூன்று நிகழ்ச்சிக்கு, நாம் மேடையை விட்டு இறங்குவதற்குள் மீதிப் பணமும் வந்துவிடும்.

நான் திருச்சி, கரூர், பெரம்பலூர் வட்டாரத்தில் கீபோர்டு வாசிக்கிறவன். வார நாட்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு, ராத்திரியும் லீவு நாளும் கச்சேரி. எங்களுக்குப் பஞ்சாங்கம்தான் முதலாளி. ஆடியில் கல்யாணம் கிடையாது, அம்மன் கோயில் திருவிழாக்கள் உண்டு. புரட்டாசி காயும். மார்கழியில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி ஒன்றிரண்டு வந்தால் உண்டு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் வரும் ரிசப்ஷன்கள்தான் வருஷத்துச் சோறு.

இந்த ஏஜெண்ட் காய்ந்த மாதங்களில்தான் வந்து ஒட்டுவார். காதுகுத்து, கடை திறப்பு, பிறந்தநாள். நாலு பேர் போதும், கரோக்கி வைத்துப் பாடினாலும் சரி, பணம் கையில். எங்கள் குழுவை நடத்தும் அண்ணன் இருபது வருஷத்துக்கு மேல் மேடையில் பாடுகிறவர். ஏமாற்றுக்காரர்களை நிறையப் பார்த்தவர். அவருக்கே இந்த ஆள் மேல் சந்தேகம் வரவில்லை, வர ஒரு முகாந்திரமும் இல்லை.

வைகாசி பிறப்பதற்கு முன்பே போன் வந்தது. "பெரிய பார்ட்டி மூணு மாட்டியிருக்கு மாஸ்டர். மூணு தேதியும் உங்களுக்குத்தான். அன்னிக்கு வேற எங்கயும் ஒத்துக்காதீங்க." எட்டுப் பேர், வேன் வாடகை சேர்த்து நிகழ்ச்சிக்கு 32,000 ரூபாய் என்று பேச்சு. சவுண்ட் செட் அவர் பொறுப்பு. ஒவ்வொரு தேதிக்கும் 5,000 அட்வான்ஸ், அன்றைக்கே வந்துவிட்டது.

முதல் ரிசப்ஷன் முடிந்து நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தோளில் கை போட்டார். "பார்ட்டி இன்னும் செட்டில் பண்ணல மாஸ்டர். அடுத்ததோட சேத்துக் குடுத்துடறேன்." கல்யாண வீட்டில் இது நடக்காததல்ல. மொய் எண்ணி முடித்துக் காலையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தில்தான் எல்லாமே மாறுகிறது. முதல் நிகழ்ச்சியின் மீதி அவர் கையில் இருக்கும்வரை இரண்டாவதற்கு வரமாட்டேன் என்று சொல்ல முடியாது, சொன்னால் பழைய பணம் போச்சு. இரண்டாவது முடிந்ததும் மாட்டியிருக்கும் தொகை இரட்டிப்பு, மூன்றாவதை எப்படி விடுவது? தேதிகளை நமக்கென்று பிடித்து வைத்ததே அதற்குத்தான்.

மூன்றும் முடிந்த பிறகு போனை எடுக்கவில்லை. ஒரு நாள் நடு ராத்திரியில் அண்ணனுக்கு ஒரு படம் வந்தது. கம்ப்யூட்டரில் அடித்து, கம்பெனி சீல் குத்திய கணக்கு. மொத்தம் 96,000, அட்வான்ஸ் போக 81,000. கீழே பிடித்தங்கள். டிடிஎஸ், அதாவது வருமான வரிக்கென்று முன்கூட்டியே பிடிப்பது, 10 சதவீதம் 9,600. பாட்டு ராயல்டி 6,000. நேரக் குறைவு 8,000. கோட் வாடகை 4,000. சாப்பாடு 6,000. ஆகப் பிடித்தம் 33,600, தரவேண்டியது 47,400.

எங்கள் ரிதம் பேடு வாசிக்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "பாதி கவர்ன்மென்டுக்குப் போகுது போலண்ணே, நாம என்ன கேக்க முடியும்?" என்றான். அந்த ஆள் எதிர்பார்த்ததும் இதைத்தான். டிடிஎஸ், ராயல்டி என்ற வார்த்தைகளைக் கேட்டால் மேடைக்காரன் வாயை மூடிக்கொள்வான் என்று தெரிந்தே போட்ட பட்டியல். அதனால் ஒவ்வொன்றாக விசாரித்தோம்.

ஒருவர் நம் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்தால் அதை நம் பான் எண்ணைக் குறித்துத்தான் கட்ட வேண்டும். இந்த ஆள் அண்ணனிடமோ எங்களிடமோ பான் எண் கேட்டதே இல்லை. பான் தராதவரிடம் பிடிக்க வேண்டியது 20 சதவீதம், இவர் பிடித்தது 10. கணக்கு அங்கேயே இடிக்கிறது. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதற்குக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், பிடித்ததற்குச் சான்றாக நமக்கு 16ஏ படிவம் தர வேண்டும். கட்டியிருந்தால் வருமான வரி இணையதளத்தில் நம் கணக்குக்குள் போய் 26ஏஎஸ் என்ற வரிக்கணக்குப் பட்டியலைத் திறந்தால் கட்டியவர் பெயரோடு தெரியும். பைசா செலவில்லை. வைகாசியில் பிடித்ததற்கான தாக்கல் கெடு ஜூலை 31. ஆகஸ்ட் கடைசியில் அண்ணன் திறந்து பார்த்தார். அந்த ஆளின் பெயரே அதில் இல்லை. உண்மையாகவே கட்டியிருந்தாலும், நம் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம். இதை முன்பே தெரிந்துவைத்திருக்கும் கலைஞர்கள் மிகக் குறைவு. வேறு ஏஜெண்டுகள் உங்கள் பணத்தில் டிடிஎஸ் பிடித்திருந்தாலும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ராயல்டி கதை இதைவிட மோசம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மத விழாக்களில் பாட்டை நிகழ்த்துவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைச் சொல்லிப் பொது அறிவிப்பு விட்டது. கம்பெனி விழா, ஹோட்டல் புத்தாண்டு நிகழ்ச்சி என்றால் உரிமம் தேவைப்படும், ஆனால் அதை எடுக்க வேண்டியவர் நிகழ்ச்சி நடத்துகிறவர், பின்னால் நின்று பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் அல்ல. "யாருக்குக் கட்டுனீங்க, ரசீது குடுங்க" என்று அண்ணன் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நேரக் குறைவு என்பது இரண்டாவது ரிசப்ஷன். கரூர் பக்கம் ஒரு மண்டபம், மேடை உள்ளே இல்லை, புல்வெளியில். 7 மணிக்கு ஆரம்பம் என்றார்கள். 5 மணிக்கே மைக் செக் முடித்துக் காத்திருந்தோம். பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வரும்வரை ஆரம்பிக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தவர் இதே ஆள்தான். மேக்கப், போட்டோ ஷூட் எல்லாம் முடிந்து அவர்கள் வந்தபோது மணி எட்டேகால். 10 மணிக்கு ரோந்து ஜீப் வந்தது, நிறுத்தினோம். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள் இருந்தால் அதில் விலக்கு உண்டு, புல்வெளிக்கு இல்லை. ஆக, காக்க வைத்தவர் அவர், நிறுத்தச் சொன்னது போலீஸ், 8,000 போனது எங்களுக்கு.

கோட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவரே கொண்டுவந்து போடச் சொன்னது, முந்தின ஆள் வேர்வை காயாமல் இருந்தது.

சாப்பாட்டுக் கணக்குதான் என்னால் தாங்க முடியவில்லை. எட்டுப் பேர், மூன்று நாள், இலைக்கு 250. கல்யாண வீட்டுப் பந்தியில், அவர்கள் வீட்டு ஆள் வந்து "கச்சேரிக்காரங்க சாப்டாச்சா?" என்று கேட்டு உட்காரவைத்துப் போட்ட சாப்பாடு அது. அதற்கு இவர் விலை போட்டிருக்கிறார்.

பார்ட்டி பணம் தரவில்லை என்ற பேச்சும் பொய் என்று தெரிந்தது தற்செயலாகத்தான். மூன்றாவது ரிசப்ஷனில் பெண்ணுக்குச் சித்தப்பா முறை ஒருவர், பாட்டு பிடித்துப்போய் அண்ணனிடம் நம்பர் வாங்கி வைத்திருந்தார். ஆவணியில் தன் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டார். "போன தடவை ரேட்டு ஜாஸ்தி தம்பி, இந்தத் தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அண்ணன் கேட்க, "85,000. முகூர்த்தத்துக்கு முந்தின வாரமே முழுசாக் குடுத்தாச்சு. பத்துப் பேர் வர்றதாச் சொன்னாங்க, எட்டுப் பேர் வந்தீங்க. லைவ் டிரம்ஸ்னு வீடியோ காட்டுனாங்க, டிரம்ஸையே காணோம்." அந்த வீடியோ கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குழு ஒன்றுடையது என்று பிறகு தெரிந்தது. சாப்பாட்டுப் பிடித்தத்தைச் சொன்னபோதுதான் மனிதர் கொதித்துப்போனார். "எங்க வீட்டுப் பந்தியில சாப்ட்டதுக்கா காசு பிடிச்சான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பணம் கட்டிய விவரத்தை எடுத்து அப்போதே அனுப்பிவைத்தார்.

ஏஜெண்ட் கமிஷன் வைப்பதில் எனக்குக் கோபம் இல்லை. மண்டபம் மண்டபமாக அலைந்து பார்ட்டி பிடிப்பதும் வேலைதான். 32,000க்குப் பேசியதை 85,000க்கு விற்றால் அது அவர் சாமர்த்தியம் என்றுகூட விட்டுவிடுவேன். பேசிய 32,000ஐக் கொடுக்க வேண்டுமா இல்லையா?

நாங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் 10,000 ஜிபேயில் போட்டுவிட்டு, மீதி 37,400க்குப் பின்னால் வரும் தேதி போட்ட செக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "நான் சொல்ற வரைக்கும் பேங்க்ல போட்டுடாதீங்கண்ணே." இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அதற்கு உயிர். இன்னொரு குழுவில் பாடும் ஒருவர் இவர் பேச்சை நம்பி வைத்திருக்க, மூன்று மாதம் ஓடிவிட்டது. இப்போது அவரிடம் இருப்பது வெறும் காகிதம், அதை வைத்து செக் மோசடி வழக்கும் போட முடியாது.

அண்ணன் செக்கைக் கையில் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்தார். "பிடித்தங்களை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, இந்த செக்கைப் பாக்கியில் ஒரு பகுதியாகத்தான் வாங்குகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டார். அதற்கு அந்த ஆள் கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறார், படித்தாரோ இல்லையோ. அவர் எதையும் எழுத மாட்டார், எல்லாம் போன் பேச்சுதான். அதனால் ஒவ்வொரு போனுக்குப் பிறகும் "நீங்க இப்ப சொன்னபடி" என்று ஆரம்பித்துப் பேசியதை எழுதி அனுப்புவது அண்ணனின் வழக்கம். வக்கீலிடம் போனபோது அந்த மெசேஜ்கள்தான் முதலில் கேட்கப்பட்டன.

தேதி வந்த மறுநாளே செக்கைப் போட்டோம், கணக்கில் பணமில்லை என்று திரும்பியது. பேங்க் தரும் ரிட்டர்ன் மெமோவைப் பத்திரமாக வாங்குங்கள், முதல் கெடு அதிலிருந்துதான் ஓடுகிறது. தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம். அப்போதும் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள், திரும்பிய செக்குகளுக்கான 138ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். செக்கை நம் கணக்கில் போட்டிருந்தால் நம் பேங்க் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். இப்போது வழக்கு நடக்கிறது. முதல் வாய்தாவுக்கு ஆள் வரவில்லை. அப்புறம் "20,000க்கு முடிச்சுக்கலாமா" என்று ஆள் மூலம் தூது வந்தது. அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார்.

பிடித்தம் செய்த 33,600தான் கஷ்டம். போலீஸ் ஸ்டேஷனில் மனு வாங்கி, வாங்கியதற்கு சிஎஸ்ஆர் என்ற ரசீது கொடுத்தார்கள், "இது சிவில் மேட்டர்" என்றும் சொன்னார்கள். கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவில், வழக்குக்கு முந்தைய சமரச மனு ஒன்று கொடுத்தோம். அதற்குக் கோர்ட் கட்டணம் கிடையாது, எதிராளிக்கு அவர்களே நோட்டீஸ் அனுப்புகிறார்கள். வந்தால் பேசி முடிக்கலாம், வராவிட்டால் இழுத்துவர முடியாது. இவர் வரவில்லை. மூன்று வருஷத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீல். எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம், இதற்காக யார் கோர்ட்டுக்கு நடப்பார்கள்? அந்தப் பட்டியல் அப்படிக் கணக்குப் பார்த்துப் போட்டதுதான் என்பது என் எண்ணம்.

ஆள் இப்போது கம்பெனிப் பெயரையும் நம்பரையும் மாற்றிவிட்டார். நாமக்கல், திண்டுக்கல் பக்கம் குழு தேடுவதாகக் கேள்வி. வழக்கு நடப்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். காய்ந்த மாதத்தில் வந்து பழகுவார், முகூர்த்த மாதத்தில் இரண்டு மூன்று தேதியைச் சேர்த்துப் பிடிப்பார், முதல் நிகழ்ச்சி முடிந்ததும் "அடுத்ததோட சேத்து" என்பார். அந்த இடத்தில் அடுத்த தேதியை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, முதல் பணம் வராமல் வேனில் ஏறாதீர்கள்.

இதே மாதிரிப் பிடித்தப் பட்டியல் யாருக்காவது வந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள், எங்கள் வக்கீல் கேட்டிருக்கிறார். சீலும் தேதியும் தெரியும்படி, வெட்டாமல் முழுப் படமாக இருக்கட்டும்.