சோறு வேகிற நேரத்தில் ஆடக்கூடியது: யாழ்ப்பாணத்திலிருந்து ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்

நாற்பது வயது தாண்டிய நாலுபேர் பின்னேரத்தில் வாசிகசாலை விறாந்தையில் குந்தி 304 என்ற சீட்டு விளையாடினால் ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10 என்று கணக்குப் பிசகாமல் துரும்பு எண்ணுகிறவருக்கு மரியாதைகூட உண்டு. அதே மனுசன் போனில் கேம் விளையாடினால் அது பெடியள் வேலை. இந்தப் பாகுபாட்டில் ஒரு சின்ன நியாயம் இருக்கிறது. பெரியவர்களுடைய பொழுதுபோக்கு, கூப்பிட்ட குரலுக்குக் கீழே வைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். படலையில் ஆள் வந்து நிற்கும், உலை பொங்கும், பிள்ளை கணக்குக் கொப்பியோடு வரும். கூட்டமாய்ச் சேர்ந்து சுடுகிற கேம்களில் அரைமணித்தியாலத்துக்கு எழும்பமுடியாது. எழும்பினால் தண்டனைப் புள்ளி, கூட ஆடுகிறவர்களிடம் பேச்சும் வாங்கவேண்டும். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய கேம் இந்தப் பரீட்சையில் தேறிவிடுகிறது. மற்றப் பரீட்சைகளில் எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம்.

முதலில் சாமான் என்ன என்று. கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ரூன்ஸ்கேப் 2001இல் வந்தது. வருசம் போகப்போக அது மாறிக்கொண்டே போக, பழையதுதான் வேண்டும் என்று ஆடுகிறவர்கள் கேட்டு வாக்களித்தார்கள். 2007 ஆகஸ்டில் சேமித்து வைத்திருந்த பிரதியைத் தூசுதட்டி 2013 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். அன்று தொடக்கம் புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் பெரும்பாலும் வாக்கெடுப்புத்தான். இப்போது நூற்றுக்கு 70 வாக்கு வேண்டும். போனுக்கு 2018 ஒக்டோபரில் வந்தது. கணினியில் விட்ட இடத்திலிருந்து போனில் தொடரலாம். படம் பழசு, முகங்கள் கொத்தி முடிக்காத மரப்பொம்மை மாதிரி இருக்கும். அதனாலேயே விலை குறைந்த போனிலும் திணறாமல் ஓடுகிறது.

யாழ்ப்பாணத்து இணைப்புக்கு இது ஏன் ஒத்துவருகிறது என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இந்த உலகத்தின் கடிகாரம் 0.6 செக்கனுக்கு ஒருதடவைதான் துடிக்கும். நடப்பது, வெட்டுவது, அடிப்பது, தின்பது எல்லாம் அந்தத் துடிப்பில்தான் பதியும். ஐரோப்பாவில் உள்ள சேர்வருக்குச் சமிக்ஞை போய்த் திரும்ப 0.2 செக்கன் பிடித்தாலும் ஒரு துடிப்புக்குள் அடங்கிவிடுகிறது. துப்பாக்கி கேமில் அந்த 0.2 செக்கனில் ஆள் செத்துப்போவான். டேட்டாவும் அதிகம் தின்னாது. யூடியூப்பில் ஒரு நாடகம் பார்க்கிற செலவில் கனநாள் ஓட்டலாம்.

தொடக்கத் தீவில் அடிப்படை சொல்லித்தந்து லம்பிரிட்ஜ் என்ற ஊரில் இறக்கிவிடுவார்கள். அங்கே கோட்டைச் சமையல்காரனுக்குக் கேக் சாமான் எடுத்துக்கொடுப்பதுதான் பலருக்கு முதல் வேலை: ஒரு முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மா. மாவில்தான் புதியவர்கள் மாட்டுப்படுவார்கள். வயலில் கோதுமை பிடுங்கி, ஆலையின் மேல்மாடிக்கு ஏறி, வாய்க்குள் கொட்டி, பக்கத்தில் இருக்கும் பிடியை இழுத்து, திரும்பக் கீழே இறங்கிப் பானையில் அள்ளவேண்டும். பிடியை இழுக்காமல் கீழே வந்தால் தொட்டி வெறுமை. வெறும் பானையைக் கொண்டுபோக மறந்தால் மா அங்கே கிடக்கும், அள்ள வழியில்லை. சம்பளம் 300 சமையல் அனுபவப் புள்ளி. அம்புக்குறி போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற கேம்களில் பழகியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். வேலையை வாசித்து விளங்கிச் செய்வதில் ருசி காண்கிறவருக்கு இந்த இடத்திலேயே பிடித்துப்போகும்.

இலவசக் கணக்கில் சமையல், மீன்பிடி என்று மட்டம் மட்டமாய் வளர்க்கிற 15 திறன்கள். விவசாயம் போன்றவை காசு கட்டிச் சேரும் உறுப்பினருக்கு மட்டும். உறுப்புரிமை எடுக்கிற எண்ணம் இருந்தால் விவசாயத்துக்காக எடுக்கலாம், ஏனென்றால் வேலையும் குடும்பமும் உள்ள ஆளுக்கென்றே செய்த திறன் மாதிரி அது. மூலிகைப் பாத்தியில் களை வாரி, பசளை போட்டு, ஒரு விதை ஊன்றினால் 80 நிமிசத்தில் விளையும். 20 நிமிசத்துக்கு ஒருதடவை ஒரு படி வளரும், அப்படி நாலு படி. கேமை மூடிவிட்டுப் போனாலும் வளர்ச்சி நிற்காது. விளைந்தபின் நாலு நாள் கழித்து வந்தாலும் அப்படியே நிற்கும். நோய் வருவது வளர்கிற காலத்தில் மட்டும். பசளை மூன்று தரம். உச்சத் தரம் போட்டால் நோய் வெகுவாகக் குறைவதோடு ஒரு பாத்தியில் ஆகக்குறைந்தது 6 மூலிகை கிடைக்கும். பசளையே போடாவிட்டால் 3. மூலிகை விதை விலை கூடியது, பசளை மலிவு. இருந்தும் பசளையில் சிக்கனம் பிடித்து விதையைச் சாகவிடுவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் பிழை. தோட்டக்காரர் ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்று நினைப்பீர்கள், தேவைப்படுகிறது.

நோய் வராமல் பார்க்க மரக்கறிப் பாத்திக்குக் கேமில் உள்ள தோட்டக்காரனைக் காவல் வைக்கலாம், மூலிகைக்கு அந்த வசதி இல்லை. வெங்காயத்துக்குக் காவல்கூலி ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. திருநெல்வேலிச் சந்தையில் யாரும் ஒத்துக்கொள்ளாத கூலி, என்றாலும் அங்கே அதுதான் விலை. பழகியவருக்கு ஏதாவது ஐந்து மூலிகைப் பாத்தியைச் சுற்றிவர ஐந்தாறு நிமிசம் போதும். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், படுக்கப்போகமுன் ஒருதரம் என்றால் நாளுக்குக் கால்மணித்தியாலத்தோடு ஆள் திருப்தியாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றேன். இருப்பார்களா என்பது வேறு கதை. ஒரு திறனில் 99ஆம் மட்டத்துக்கு 1,30,34,431 புள்ளி வேண்டும். 92ஆம் மட்டத்தைத் தொட்டவர் முக்கால்வாசிக்கு மேல் ஏறிவிட்டதாக நினைப்பார், உண்மையில் அதுதான் சரிபாதி. கடைசி ஏழு மட்டங்கள் முதல் 92 மட்டங்களுக்குச் சமம். அரிய பொருள் விழுகிற கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். பெயர்பெற்ற ஒரு சாட்டை, குறித்த ஒரு பேயை அடித்தால் 512இல் ஒன்று என்ற வீதத்தில் விழும். 512 பேயை அடித்தால் கட்டாயம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். 512 அடித்தும் வெறுங்கையோடு நிற்பவர் நூற்றுக்கு 37 பேர். ஏற்கெனவே அடித்த 512 அடுத்த அடிக்கு ஒரு உதவியும் செய்யாது. "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று விடியச் சாமம் இரண்டு மணியாவது இந்த இடத்தில்தான். சீட்டில் கை முடியும், கலைத்துப் போடவேண்டும், எழும்ப ஒரு சாட்டு வரும். இங்கே கை முடிவதே இல்லை. கீழே வைக்கச் சுகமான விளையாட்டு இது, ஆனால் வை என்று ஒருபோதும் சொல்லாது. என் கண்ணில் இதன் பெரிய குறை இதுதான். நிறுத்தவேண்டிய ஓரிடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, அது வந்ததும் மூடுவது என்று தொடங்கமுதலே தீர்மானித்து வைப்பது ஓரளவு உதவும்.

வெளிநாட்டில் உடன்பிறந்தார் உள்ள வீடுகளுக்கு இதில் ஒரு முறை இருக்கிறது. குழு அயன்மேன் என்பார்கள், 2021இல் வந்தது. 2 முதல் 5 பேர் சேரலாம். வெளியாட்களோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது, குழுவுக்கென்று ஒரு பொதுக் களஞ்சியம் உண்டு. லண்டனில் உள்ள தங்கச்சி மீன் பிடித்துப் போட்டுவைப்பா, ரொறன்ரோ அண்ணா அதை எடுத்துச் சமைப்பார், இங்கே இருக்கிறவர் அதைத் தின்று சண்டைக்குப் போவார். ஒரே நேரத்தில் எல்லாரும் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சேர்ந்து ஆட விரும்பினால் சனிக்கிழமை இரவு 8 மணி நல்ல நேரம்: கோடையில் லண்டனில் பின்னேரம் 3.30, ரொறன்ரோவில் காலை 10.30. குளிர்காலத்தில் இரண்டும் ஒரு மணித்தியாலம் முந்தும். தொடக்கத் தீவை விட்டு வெளிக்கிட முதலே இந்த முறையைத் தெரிவுசெய்யவேண்டும். பழைய சாதாரணக் கணக்கைப் பிறகு மாற்றமுடியாது. கேமுக்குள் தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டவேண்டும். ஆகையால் வட்ஸ்அப் கோலைப் பக்கத்தில் போட்டுவிட்டு ஆடுவதே நல்லது. சும்மா எடுத்தால் "சாப்பிட்டாச்சா, மழையா" என்பதோடு முடிகிற கோல், கை வேலையில் இருந்தால் ஒரு மணித்தியாலம் ஓடும்.

கரண்ட் போனால் என்ன? சண்டைக்கு நடுவே இணைப்பு அறுந்தால் உங்கள் ஆள் உடனே மறையமாட்டான், கொஞ்சநேரம் அங்கேயே நின்று அடிவாங்குவான். றவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று போடுங்கள். வாங்கமுன் அடப்ரரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலும் 12, சிலதில் 9. மாறிச் செருகினால் றவுட்டர் போய்விடும். அம்பியரும் எழுதியிருப்பதற்குக் குறையக்கூடாது. ஃபைபர் என்றால் சுவரில் உள்ள பெட்டி தனியாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். ஒருதரம் செத்தாலே தகுதி பறிபோகும் 'ஹார்ட்கோர்' முறையை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

காசு விசயம். இலவசமாகவே ஒரு மாதம் தாராளமாக ஆடலாம், அதற்குள் பிடிக்காவிட்டால் பிறகும் பிடிக்காது. உறுப்புரிமைக்குக் கார்ட்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கவேண்டும். 'பொண்ட்' என்ற பத்திரத்தைக் கேமுக்குள் சேர்த்த நாணயத்துக்கே வாங்கி 14 நாள் உறுப்பினராகலாம். இலவசக் கணக்கில் இருந்துகொண்டு அதற்காக மாடாய் உழைப்பது பொழுதுபோக்கில்லை, இன்னொரு உத்தியோகம். அதைவிடக் காசு கட்டலாம், அல்லது இலவசத்தோடு நிற்கலாம்.

"உன் காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று கத்துகிறவன் எல்லாரும் கள்ளன். கேம் உலகத்தின் வடக்கே உள்ள அகழியைத் தாண்டிக் கூப்பிடுகிறவனும் கள்ளன்தான். அங்கே மற்ற ஆட்கள் உங்களைக் கொல்லலாம், பெறுமதி கூடிய மூன்று பொருள் மட்டுமே மிஞ்சும். கணினியில் ரூன்லைற் என்ற, கேமை ஆடுவதற்கான வேறொரு மென்பொருளைப் போடுகிறவர்கள் தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாமல் அதன் சொந்தத் தளத்தில் இறக்குங்கள், போலிகள் கடவுச்சொல்லைத் திருடும். கணக்குக்கு இரட்டைப் பூட்டு (கடவுச்சொல்லோடு போனில் வரும் குறியீடும்) போட்டால் மாற்றுக் குறியீடுகளைக் கடதாசியில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அதுதான் திறப்பு.

நித்திரை, வேலை, வீடு மூன்றிலும் கேமுக்கு முதலிடம் கொடுத்து, கெடுதல் தெரிந்தும் நிறுத்தமுடியாமல் ஒரு வருசம் போனால் அதை நோய் என்றே உலக சுகாதார அமைப்பு 2022 முதல் நடைமுறையிலுள்ள தன் பட்டியலில் வைத்திருக்கிறது. சீட்டிலோ குதிரை ரேஸிலோ ஏற்கெனவே கை சுட்டவர்கள் அந்த 512 கணக்குப் பக்கம் போகாமல் தோட்டத்தோடு நிற்பது நல்லது.

வாராந்த அப்டேற் பெரும்பாலும் புதன்கிழமை. லண்டன் நேரம் முற்பகல் 11.30, இங்கே கோடையில் பின்னேரம் 4, குளிர்காலத்தில் 5. சேர்வர் கொஞ்சநேரம் நிற்கும், அந்த நேரம் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். விதை ஊன்றியிருந்தால் பயமில்லை.