விஐபி: இருக்கும் கோளையும் காட்டும், இல்லாத கோளையும் காட்டும்

புறக்கோள்களின் (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களின்) நேரடிப் படத் தரவை அலச எந்த மென்பொருள் நல்லது என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல வருடமாக நான் ஓட்டுவது விஐபி (வோர்டெக்ஸ் இமேஜ் ப்ராசஸிங்). பைத்தானில் எழுதியது, இலவசம், பயிற்சி நோட்புக்குகளும் அருமை. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. என் கோபமெல்லாம் ஒரே இடத்தில்தான்: பிசிஏ-வில், அதாவது எல்லாப் படங்களிலும் பொதுவாக வரும் விண்மீன் ஒளியைக் கூறுகளாகப் பிரித்துக் கழிக்கும் முறையில், எத்தனை கூறுகளைக் கழிப்பது?

குறைவாகக் கழித்தால் விண்மீனின் ஸ்பெக்கிள், அதாவது அதன் ஒளி சிதறி உண்டாகும் கோள் போன்ற புள்ளிகள், மிஞ்சும். அதிகம் கழித்தால் கோளின் ஒளியும் சேர்ந்து போய்விடும். இரண்டையும் பிரிக்க உதவுவது புலச்சுழற்சி: வானம் சுழல, படத்துக்குப் படம் கோள் விண்மீனைச் சுற்றி நகரும், ஸ்பெக்கிள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். 8.2 மீட்டர் தொலைநோக்கியில் 3.8 மைக்ரான் அலைநீளத்துக்குத் தீர்திறன் (படத்தில் ஒரு புள்ளியின் அகலம்) சுமார் 0.096 ஆர்க்செகண்ட். விண்மீனிலிருந்து 0.45 ஆர்க்செகண்ட் தள்ளி நிற்கும் கோள் தன் அகலம் அளவுக்கு நகர 12 டிகிரி புலச்சுழற்சி போதும். 0.15-இல் நின்றால் 37 டிகிரி வேண்டும். அந்தச் சுழற்சி கிடைக்காத தரவில் கோள் தன்னைத்தானே கழித்துக்கொள்ளும்.

இதற்கு விஐபி ஒரு வசதி தருகிறது: ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், அங்கே சைகை-இரைச்சல் விகிதம் உச்சமாகும் கூறு எண்ணிக்கையைத் தேடித் தரும். தெரிந்த கோளுக்கு இது வரம். தெரியாத புள்ளிக்கு ஆபத்து. வெறும் ஸ்பெக்கிளைக் குறித்தாலும் அதையும் உச்சத்துக்கு ஏற்றிக் கொடுக்கும். எண்ணைத் தேர்ந்தெடுத்ததும் அதே புள்ளியை வைத்துத்தான், தீர்ப்பும் அதே புள்ளிக்குத்தான் என்றால் அது சோதனையே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். சந்தேகப் புள்ளியின் அதே ஆரத்தில், வேறு கோணங்களில் போலிக் கோள்களைச் செருகுங்கள். அவற்றை வைத்தே எண்ணைத் தேர்ந்து, அதன்பின் மாற்றாதீர்கள். செருகும் பிஎஸ்எஃப் (போலிக் கோளுக்கு அச்சாகும் விண்மீனின் படம்) வேறு எக்ஸ்போஷரிலோ, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரோடோ எடுத்தது என்றால் முதலில் அளவை ஈடுகட்டுங்கள்; இல்லையேல் கான்ட்ராஸ்ட் (விண்மீனோடு ஒப்பிட்ட கோளின் பிரகாசம்) முழுவதும் பிழையாகும். பிறகு பாரலாக்டிக் கோணங்களின் (ஒவ்வொரு படத்திலும் புலம் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்று காட்டும் கோணங்களின்) குறியைத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். உண்மைக் கோள் சிதறிவிடும், இரைச்சல் அதே தன்மையில் நிற்கும். அந்தப் படத்திலும் இதே அளவு பிரகாசமான புள்ளிகள் முளைத்தால் உங்கள் கோளை மறந்துவிடுங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விண்மீனிலிருந்து ஒரு தீர்திறன் அகலத் தொலைவில் சுற்றளவுக்குள் அதே அகலமுள்ள 6 அலகுகள்தான் அடங்கும்; இரைச்சலை அளக்க அவ்வளவு மாதிரிகள்தான். அங்கே 5 சிக்மா (இரைச்சலைப் போல ஐந்து மடங்கு என்ற வழக்கமான வரம்பு) என்பது உண்மையான 5 சிக்மா அல்ல. விஐபி இதைச் சிறு மாதிரிகளுக்கான ஸ்டூடன்ட் டி என்ற புள்ளியியல் முறையில் தானே திருத்திக் கணக்கிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே அதன் மேல் எனக்கு மரியாதை.

ஆனாலும் தூசி வட்டு சூழ்ந்த இளம் விண்மீனோடு புதிதாகத் தொடங்குபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வட்டின் வளைவைப் பிசிஏ புள்ளிகளாக உடைத்துவிடும். எல்கேசிஏ 15 என்ற அப்படிப்பட்ட இளம் விண்மீனைச் சுற்றிக் கோள்கள் என்று அறிவிக்கப்பட்டவற்றின் ஒளியில் பெரும்பகுதி வட்டுடையதே என்று 2019-இல் சுபாரு, கெக் தொலைநோக்கிகளின் படங்கள் காட்டின. முதலில், கோள் இருப்பது உறுதியான பீட்டா பிக்டோரிஸ் விண்மீனின் பயிற்சித் தரவில் மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் கைக்கு வரட்டும். நண்பருக்கும் அதையே சொன்னேன்.