இரும்புத் தாச்சியா, நான்ஸ்டிக்கா?

திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய கத்தரிக்காயை அதிக எண்ணெய் இல்லாமல் சிவக்க வதக்க வேண்டுமா? என் கை இரும்புத் தாச்சிக்குத்தான் போகும். சூடேற நேரமெடுக்கும், உண்மை. ஆனால் ஏறிய சூடு, காய் விழுந்ததும் சட்டென்று இறங்காது. எண்ணெய் மினுங்கும்போது துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் தானாகவே கழன்று வரும். அதற்கு முன் அகப்பையைப் போட்டால் பிய்ந்துதான் வரும். நிறையப் போட்டாலோ, விடுகிற நீரிலேயே காய் அவிந்துவிடும், வதக்கலாவது, ஒன்றாவது!

நான்ஸ்டிக் தாச்சிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும், கழுவுவதும் சுகம். பாவற்காயை மெல்லிய தீயில் வைத்து ஈரம் போக்க நல்லதுதான். ஆனால் வெறுமையாகப் பெருந்தீயில் வைக்கக் கூடாது. 260 பாகை செல்சியசைத் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும். சில்வர் கரண்டியும் ஆகாது.

இரும்பில் பழப்புளி விட்டுக் குழம்பு வைக்காதீர்கள், கறுத்துப்போகும். கழுவியதும் துடைத்து, அடுப்பில் காயவைத்து, லேசாக எண்ணெய் பூசுங்கள். மாரிகாலத்து ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால், சரி, நான்ஸ்டிக்கையே வாங்குங்கள்.